டிராகன் ஏன் வேண்டும்? டோல்கீனின் 'ட்ரீ அண்ட் லீஃப்'

டோல்கீனின் புகழ்பெற்ற நாவல் லார்ட் ஆஃப் த ரிங்ஸ் மாதிரி சண்டை, பயணம், மந்திரவாதி எல்லாம் இருக்கும் என்று நினைத்து இதை வாங்கிவிடாதீர்கள். இருநூறு பக்கத்துக்குள் அடங்கிவிடுகிற மெல்லிய புத்தகம், அதில் ஏறக்குறைய பாதி ஒரே ஒரு கட்டுரை. ஜே.ஆர்.ஆர். டோல்கீன் 1939 மார்ச் 8 அன்று ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகளைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். அதை விரித்தெழுதி 1947-ல் ஒரு கட்டுரைத் தொகுப்பில் கொடுத்தார், 1964-ல் அதோடு 'லீஃப் பை நிகிள்' என்ற சிறுகதையையும் சேர்த்து இந்தப் புத்தகம் வந்தது. இப்போது கடையில் கிடைக்கும் பதிப்பில் ஒரு நீண்ட கவிதையும் ஒரு குட்டி நாடகமும் கூடுதலாக உண்டு, அவற்றைப் பற்றிக் கடைசியில் இரண்டு வரி சொல்கிறேன்.

ஒரு எழுத்தாளர் ஏன் ஃபேன்டஸி பக்கம் போகிறார் என்ற கேள்விக்கு நான் படித்த பதில்களில் உருப்படியானது இதில்தான் இருக்கிறது. காரணம் இதை அவர் எழுதிய நேரம். அவருடைய 'ஹாபிட்' நாவல் 1937-ல் வந்து நன்றாக ஓடியது, பதிப்பாளர் அடுத்தது எங்கே என்று கேட்டார், டோல்கீன் அந்த ஆண்டுக் கடைசியில் உட்கார்ந்து லார்ட் ஆஃப் த ரிங்ஸை எழுத ஆரம்பித்தார். 1964 முன்குறிப்பில் அவரே சொல்கிறார்: இந்தக் கட்டுரையும் கதையும் எழுதிய காலத்தில் அந்த நாவலில் அவருடைய ஹாபிட்டுகள் என்ற குள்ள மனிதர்கள் ப்ரீ என்ற ஊர் வரைக்கும்தான் வந்திருந்தார்கள், மந்திரவாதி கேன்டால்ஃப் என்ன ஆனார் என்றோ ஸ்ட்ரைடர் என்பவர் யார் என்றோ அவருக்கே தெரியாது, தெரிந்துகொள்ளும் வரை உயிரோடு இருப்போமா என்ற சந்தேகம் வேறு. பரிசெல்லாம் வாங்கி முடித்தபிறகு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கொடுக்கும் பேட்டி இல்லை இது. நாற்பத்தேழு வயசு, ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலத்துக்குப் பேராசிரியர், அந்த மனுஷர் பாதியில் நிற்கிற ஒரு கதையை வைத்துக்கொண்டு 'நான் செய்வது வெட்டி வேலையா' என்று தனக்குத்தானே வழக்காடிக்கொள்கிறார். அந்தப் பதற்றம் கட்டுரை முழுக்கத் தெரிகிறது, அதுதான் இதன் சுவையே.

ஆனால் முதல் மூன்றில் ஒரு பங்கு கொஞ்சம் வறட்சி. எது தேவதைக் கதை, எது இல்லை என்று பிரித்துக்கொண்டே போகிறார். சிறகு முளைத்த கட்டைவிரல் அளவு தேவதைகள் என்றால் அவருக்கு எரிச்சல். பயணக் கதை என்பதால் கலிவர் போய்ச் சேரும் லில்லிபுட் கிடையாது. கனவில் நடந்ததாகச் சொல்லி முடிக்கும் கதைகளும் கிடையாது, ஏனென்றால் 'எல்லாம் கனவு' என்று கடைசியில் கைவிரிப்பது வாசகரை ஏமாற்றுவது என்கிறார். (இதில் நான் முழுக்க அவர் கட்சி.) மிருகங்களை முகமூடியாக மட்டும் வைத்துக்கொண்டு மனிதரைப் பற்றிப் பேசும் கதைகளும் வேண்டாம் என்கிறார், அதற்கு அவர் எடுத்துக்காட்டும் கதையைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆண்ட்ரூ லாங் தொகுத்த தேவதைக் கதைப் புத்தகங்களில் 'லைலாக்' (இளம் ஊதா) புத்தகத்தில் இருக்கும் ஒரு சுவாஹிலிக் கதை: சுறா ஒரு குரங்கை ஏமாற்றி முதுகில் ஏற்றிக்கொண்டு போகிறது, பாதி வழியில் 'எங்கள் சுல்தானுக்கு உடம்பு சரியில்லை, குரங்கின் இதயம் வேண்டும்' என்கிறது, குரங்கு 'அடடா, அதை மரத்தில் பைக்குள் மாட்டிவைத்துவிட்டு வந்துவிட்டேனே' என்கிறது. நம் ஊரில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இது தெரியும், சுறாவுக்குப் பதில் முதலை, பைக்குப் பதில் நாவல்மரம், அவ்வளவுதான் வித்தியாசம். பஞ்சதந்திரக் கதை ஆப்பிரிக்கக் கரையோரம் போய் அங்கிருந்து லண்டன் அச்சகம் வழியாக ஒரு ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியரின் கைக்குப் போயிருக்கிறது. இது ஏன் தேவதைக் கதைத் தொகுப்பில் நுழைந்தது என்று அவர் யோசித்து, உடம்பிலிருந்து கழன்று வேறெங்கோ இருக்கும் இதயம் என்ற விஷயம்தான் லாங்கை இழுத்திருக்கும் என்கிறார், அப்படியே எகிப்தியக் கதை ஒன்று வரை போகிறார். ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, கிளியின் உடம்பில் அரக்கனின் உயிர் இருக்கும் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தப் பக்கம் தனியாக இனிக்கும். மற்றபடி இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டினால் ஒன்றும் குறைந்துவிடாது.

குழந்தைகளைப் பற்றிய பகுதியில்தான் கட்டுரை சூடு பிடிக்கிறது. 'இந்த வயசுல மாயாஜாலக் கதையா' என்று கேட்கும் மாமாக்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள் போல. டோல்கீனின் பதில்: இந்தக் கதைகள் குழந்தைகள் அறைக்குப் போனது அவர்களுக்குப் பிடிக்கும் என்பதற்காக இல்லை, பெரியவர்களுக்கு நாகரிகம் மாறியதும் பழைய மேசை நாற்காலியைக் குழந்தைகள் அறையில் தள்ளுவார்களே, அதே மாதிரி தள்ளிவிட்டார்கள், அங்கே அது உடைந்தாலும் யாருக்கும் கவலையில்லை. அப்புறம், குழந்தை 'இது நிஜமா?' என்று கேட்பதை வைத்து அது எதையும் நம்பிவிடும் என்று முடிவுகட்டுவதை ஒரே வெட்டாக வெட்டுகிறார். பெரும்பாலும் குழந்தை கேட்பது 'நான் படுக்கையில் பத்திரமாக இருக்கிறேனா' என்பதைத்தான், இன்றைக்கு இங்கிலாந்தில் டிராகன் எதுவும் கிடையாது என்று சொன்னால் அதற்குப் போதும் என்கிறார். குழந்தை வளர்ப்பவர்கள் யாராவது இதை மறுப்பார்களா?

தன் சிறுவயதைப் பற்றிச் சொல்வது இன்னும் நன்றாக இருக்கிறது. அவருக்கு டிராகன் மேல் தீராத ஆசை, ஆனால் பக்கத்து வீட்டில் டிராகன் குடிவர வேண்டும் என்ற ஆசை கிடையாது. நிஜமா பொய்யா என்பது அவருக்குக் கேள்வியாகவே இருந்ததில்லை, வேண்டுமா வேண்டாமா என்பதுதான் கேள்வி. டிராகன் இருக்கும் உலகம், அதில் எவ்வளவு ஆபத்து இருந்தாலும், இல்லாத உலகத்தைவிட அழகு, அவ்வளவுதான் அவர் கணக்கு. இது நடந்திருக்குமா என்று பார்க்காமல் இது வேண்டும் என்று தோன்றுகிறதா என்று பார்ப்பது ஃபேன்டஸி வாசிப்பவர்கள் எல்லாரும் சொல்லத் தெரியாமல் செய்துகொண்டிருக்கும் காரியம்.

அடுத்து ஒரே ஒரு வாக்கியம் வருகிறது, அவசரமாகப் படித்தால் தவறிப்போகும். தேவதைக் கதைகள் மேல் உண்மையான ருசி தனக்குக் குழந்தைப் பருவத்தில் வரவில்லை, பெரியவனாகும் வயதில் மொழியியல் அதை எழுப்பியது, போர் அதற்கு முழு உயிர் கொடுத்தது என்கிறார். போர் என்ற சொல்லை வைத்துவிட்டு மேற்கொண்டு ஒன்றும் பேசாமல் நகர்ந்துவிடுகிறார். முதல் உலகப்போரில், 1916-ல், பிரான்சின் சோம் போர்க்களத்தில் அவர் சிக்னல் அதிகாரியாக இருந்தார். பள்ளிக்கால நண்பர்களில் ராப் கில்சன் சோம் சண்டையின் முதல் நாளான ஜூலை 1 அன்றே இறந்தார், ஜெஃப்ரி ஸ்மித் அதே ஆண்டு டிசம்பரில் இறந்தார். டோல்கீன் பதுங்குகுழிக் காய்ச்சலோடு இங்கிலாந்து திரும்பி, உடம்பு தேறிக்கொண்டிருந்த நாட்களில்தான் தன் கற்பனை உலகத்தின் முதல் கதைகளை எழுத ஆரம்பித்தார். நிஜத்தைப் பார்க்கப் பயந்தவர்கள்தான் ஃபேன்டஸி எழுதுவார்கள் என்று யாராவது சொன்னால் இந்த ஆண்டை மட்டும் சொல்லுங்கள், போதும்.

நம்பகத்தன்மை பற்றிய பகுதி எழுதுகிறவர்களுக்கு நேரடியாகப் பயன்படும். அவநம்பிக்கையைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் வாசகர் கதை படிக்கிறார் என்று வழக்கமாகச் சொல்வார்களே, அதை டோல்கீன் ஏற்பதில்லை. கதை தோற்றுப்போனபிறகு வாசகர் பெரிய மனசு பண்ணிச் செய்வதுதான் அது என்கிறார். அதற்கு கிரிக்கெட்டை உதாரணம் காட்டுகிறார். உண்மையான ரசிகர் மயங்கிய நிலையில் பார்க்கிறார். டோல்கீன் மாதிரி ஆர்வம் இல்லாத ஆள், கரும்நீல நிறத்து அணி ஜெயித்தால் தேவலை என்று ஏதோ ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு கொட்டாவியை அடக்கியபடி உட்கார்ந்திருக்கிறார். சேப்பாக்கத்தில் மஞ்சள் சட்டைக் கூட்டத்துக்கு நடுவே, வேண்டாவெறுப்பாகக் கூட்டிவரப்பட்ட நண்பர் போன் நோண்டிக்கொண்டிருப்பாரே, அந்த இரண்டு பேருக்கும் இடையில் இருக்கும் தூரம்தான் நல்ல ஃபேன்டஸிக்கும் சுமாரான ஃபேன்டஸிக்கும் இடையில் இருப்பது. பச்சை நிறச் சூரியன் என்று யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம், அந்தச் சூரியன் இயல்பாகத் தெரியும்படி ஒரு உலகத்தை உண்டாக்குவதற்குத்தான் உழைப்பும் யோசனையும் வேண்டும் என்கிறார். தமிழில் இப்போது ஃபேன்டஸி எழுத வருகிறவர்களில் பாதிப் பேர் பச்சைச் சூரியனோடு நின்றுவிடுகிறார்கள் என்பது என் புலம்பல். அந்த வெளிச்சத்தில் நெல் எப்படி விளையும், மனுஷ முகம் எப்படித் தெரியும் என்று ஒரு பத்தி யோசித்திருந்தாலே கதை வேறு மாதிரி ஆகியிருக்கும்.

எல்லாரும் மேற்கோள் காட்டும் இடம் தப்பித்தல் பற்றியது. சிறையில் இருப்பவன் வெளியே போக நினைப்பதும் படையை விட்டு ஓடுவதும் ஒன்றல்ல, விமர்சகர்கள் இரண்டையும் குழப்புகிறார்கள் என்பது வாதம். வாதம் சரிதான். ஆனால் எனக்கு அதைவிட வலுவாகத் தெரிவது அதற்குச் சற்று முன்னால் வரும் பகுதி, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பழகிப்போன பொருள்களை நாம் 'நம்முடையது' என்று பூட்டி வைத்துவிட்டோம், அதற்கப்புறம் அவற்றைப் பார்ப்பதே இல்லை. ஃபேன்டஸி அந்தப் பூட்டைத் திறக்கிறது என்கிறார். கல், மரம், இரும்பு, புல், வீடு, நெருப்பு, ரொட்டி, இவற்றின் அற்புதத்தைத் தான் முதலில் உணர்ந்ததே தேவதைக் கதைகளில்தான் என்கிறார். பேசும் மரத்தைப் பற்றிப் படித்துவிட்டு வெளியே வந்தால் தெருவில் நிற்கும் வேப்பமரத்தைச் சும்மா கடந்துபோக முடியாது, இது எனக்கும் நடந்திருக்கிறது. ஆக, இந்த வகைக்கு எழுத்தாளரை இழுப்பது இந்த உலகத்தின் மேல் இருக்கும் வெறுப்பு இல்லை, இந்த உலகத்துச் சாமான்கள் மேல் இருக்கும் மிதமிஞ்சிய ஆசை. கட்டுரையில் நான் பிடித்துக்கொண்டது இதைத்தான்.

எல்லாமே பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். நவீனத்தைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் பேராசிரியர் போய்ப் பெரிசு வந்துவிடுகிறார். தொழிற்சாலை வந்தால் பல்கலைக்கழகம் நிஜ வாழ்க்கையோடு தொடர்புக்கு வரும் என்று ஆக்ஸ்ஃபோர்டில் யாரோ சொன்னதற்காக ஒரு நீண்ட பொருமல், ப்ளெட்ச்லி ரயில் நிலையத்தின் கூரை மேகத்தைவிட எந்த விதத்தில் நிஜம் என்று ஒரு கேள்வி. இரண்டாவது நல்ல கேள்விதான், படிக்கும்போது சிரித்துவிட்டேன், ஆனால் தெருவிளக்கு வரைக்கும் குறைசொல்லிக்கொண்டு போகும்போது அலுப்புத் தட்டுகிறது.

நாடகத்தில் ஃபேன்டஸி எடுபடாது என்று அவர் சொல்வதையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. பூனை ஒன்று காலணி போட்டுக்கொண்டு வரும் கதையைக் குழந்தைகள் மேடையில் பார்த்தாராம், அரக்கன் எலியாக மாறும் காட்சி சொதப்பலாக இருந்ததாம், நன்றாகச் செய்திருந்தாலும் அது பார்ப்பவர்களைப் பயமுறுத்தியிருக்கும், இல்லையென்றால் வெறும் கண்கட்டு வித்தையாகத்தான் இருந்திருக்கும் என்கிறார். ராத்திரி முழுக்க நடக்கும் தெருக்கூத்தை ஒருமுறை பார்த்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டார். இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னாலிருந்து கட்டை கட்டிய துரியோதனன் பாடிக்கொண்டே வருகிறான், அரிதாரம் எல்லாருக்கும் தெரிகிறது, உள்ளே இருப்பவர் பக்கத்து ஊர்க்காரர் என்பதும் தெரியும், ஒரு தந்திரக் காட்சியும் கிடையாது. அப்படியும் திரை விலகுகிற நொடியில் முன்வரிசையில் உட்கார்ந்த குழந்தைகள் பின்னால் நகர்கிறார்கள். அவர் சொன்ன அந்த மயக்கநிலை இதுதான், அவர் பார்த்த மேடையில் அது இல்லாமல் போனது அந்த மேடையின் குறை.

கடைசியில் எதிர்பாராத நல்ல திருப்பத்தைப் பற்றிப் பேசி, அதற்காக ஒரு புதுச் சொல்லே உண்டாக்கி, அங்கிருந்து பைபிளுக்குப் போய்விடுகிறார். அவர் ஆழ்ந்த கத்தோலிக்கர், அவருக்கு அங்கேதான் எல்லாம் போய்ச் சேரும். அந்த நம்பிக்கை இல்லாதவர்களுக்கு அந்தக் கடைசிப் பக்கங்கள் யாரோ ஒருவரின் வீட்டுப் பூஜையறை மாதிரி இருக்கும், மரியாதையோடு வாசலில் நின்று பார்த்துவிட்டு வரலாம். அதுவரை சொன்ன எதுவும் அதைச் சார்ந்து நிற்கவில்லை.

சரி, இப்போது சிறுகதை. இந்தப் புத்தகத்துக்குக் கொடுக்கும் காசு இதற்கே சரியாகிவிடும்.

நிகிள் ஒரு சின்ன ஓவியர். பெரிய திறமைசாலி இல்லை, மரத்தைவிட இலையை நன்றாக வரைவார், ஒரே இலையில் பனித்துளி மின்னுவதற்கே நேரம் போய்விடும். காற்றில் அசையும் ஒரு இலையாக ஆரம்பித்தது மரமாகிறது, மரத்துக்குப் பின்னால் நாடு தெரிகிறது, மலை தெரிகிறது, ஏணி வைத்து ஏறி வரைகிற அளவுக்குத் துணி பெரிதாகிவிடுகிறது. அவர் ஒரு நீண்ட பயணம் போயாக வேண்டும், தவிர்க்க முடியாது, எந்தப் பயணம் என்று சொல்ல வேண்டியதில்லை. இதற்கு நடுவே பக்கத்து வீட்டுக்காரர் பாரிஷ். கால் ஊனம், மனைவிக்குக் காய்ச்சல், புயலில் கூரை ஓடு பறந்துவிட்டது. நிகிளின் ஓவியத்தை அவர் ஏறிட்டும் பார்ப்பதில்லை, அந்தத் துணியைக் கூரைக்குப் போட்டால் மழை ஒழுகாதே என்றுதான் அவருக்குத் தோன்றுகிறது. நிகிள் மனசுக்குள் முனகிக்கொண்டே மழையில் சைக்கிள் மிதித்து டாக்டரைக் கூப்பிடப் போகிறார், நனைந்து காய்ச்சலில் விழுகிறார். எழுந்து தூரிகையைத் தொடும்போது வீட்டு இன்ஸ்பெக்டர் வந்து, இவ்வளவு துணியும் மரச்சட்டமும் இங்கே இருக்கும்போது பக்கத்து வீட்டுக் கூரை ஏன் ஒழுகுகிறது என்று கேட்கிறார். அவர் பேசி முடிப்பதற்குள் கறுப்பு உடையில் வண்டிக்காரர் வந்து நிற்கிறார்.

அதற்குப்பின் என்ன நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஊரில் மிச்சமான ஓவியத்தின் கதியை மட்டும் சொல்கிறேன்: ஒரு மூலை மட்டும், ஒரே ஒரு இலையோடு, யாரோ எடுத்துச் சட்டம் போட்டு அருங்காட்சியகத்தில் மாட்டுகிறார்கள், பிறகு அந்தக் கட்டடமும் எரிந்துபோகிறது. 1939-ல் பாதியில் நின்ற நாவலை வைத்துக்கொண்டிருந்தவர் தன் வேலைக்கு என்ன கதி வரும் என்று நினைத்தார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். கட்டுரையில் 'தப்பித்தல்' என்ற குற்றச்சாட்டை ஊதித் தள்ளிய அதே ஆள், கதையில் அதை நடுவீட்டில் உட்காரவைத்துப் பேசுகிறார். பக்கத்து வீட்டில் கூரை ஒழுகும்போது நீ இலை வரைந்துகொண்டிருக்கலாமா? எந்த விமர்சகரும் ஃபேன்டஸி எழுத்தாளரை இவ்வளவு கடுமையாகக் கேட்டதில்லை. இதில் நேர்மை எங்கே என்றால், இன்ஸ்பெக்டர் சொல்வதும் நியாயம்தான் என்று கதை ஒப்புக்கொள்கிறது, அப்படியும் அந்த மரத்தை அது விட்டுக்கொடுப்பதில்லை. இரண்டையும் சேர்த்து ஒரே புத்தகமாகப் போட்டது எவ்வளவு சரியான காரியம் என்பது இந்த இடத்தில்தான் தெரிந்தது. கட்டுரையை மட்டும் படித்தவர்களுக்கு டோல்கீனில் பாதிதான் கிடைத்திருக்கிறது.

இந்தக் கதைக்கு ஒரு நிஜ மரமும் உண்டு. டோல்கீன் படுக்கையில் படுத்தபடியே பார்க்கக்கூடிய ஒரு பெரிய பாப்லர் மரத்தை அதன் சொந்தக்காரர் திடீரென்று கிளை கிளையாக வெட்டினாராம், ஏன் என்று தெரியாதாம், பிறகு மரமே போய்விட்டது. அதற்காக வருந்தியது தானும் இரண்டு ஆந்தைகளும் மட்டும்தான் என்று முன்குறிப்பில் எழுதுகிறார். இந்த முன்குறிப்பைத் தவறவிடாதீர்கள்.

கூடுதலாகச் சேர்த்தவற்றில் 'மிதோபோயியா' கவிதை 1988 பதிப்பில் வந்தது. புராணங்கள் எல்லாம் அழகான பொய்கள் என்று நண்பர் சி.எஸ். லூயிஸ் சொன்னதற்கு எழுதிய பதில், கருத்து நல்லது, கவிதையாகக் கொஞ்சம் விறைப்பு. நாடகம் பழைய ஆங்கிலப் போர்க்கவிதை ஒன்றின் தொடர்ச்சி, அந்தத் துறையில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு மட்டும், நான் பாதியில் வைத்துவிட்டேன்.

ஆங்கிலம் எளிது இல்லை. வாக்கியங்கள் நீளம், நடுவில் யாரென்றே தெரியாத பழைய தொகுப்பாளர்கள் பெயர் வரும், கடைசியில் குறிப்புகள் வேறு. அதனால் என் யோசனை: முதலில் நிகிள் கதையை ஒரே மூச்சில் படியுங்கள், அப்புறம் கட்டுரையில் குழந்தைகள் பகுதியிலிருந்து ஆரம்பியுங்கள், பிடித்திருந்தால் முன்பகுதிக்குத் திரும்பி வாருங்கள். கட்டுரையின் கைப்பிரதிகள், விட்டுப்போன பக்கங்கள் எல்லாம் வேண்டும் என்கிறவர்களுக்கு வெர்லின் ஃப்ளீகரும் டக்ளஸ் ஆண்டர்சனும் பதிப்பித்த 2008 விரிவுப் பதிப்பு இருக்கிறது, ஆனால் அதில் நிகிள் கிடையாது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இந்த மெல்லிசுப் புத்தகத்தையே வாங்குங்கள். ஹாபிட்டுகளின் கதையைத் திரைப்படமாக மட்டும் பார்த்தவர்களுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்க மட்டும் வேண்டாம், பாவம்.